அளவறியா அகலம்

தரையோடு தரையாகத் தாழ்த்தப்பட்ட காரையும் அதன் அகன்ற சக்கரங்களையும் கண்டவுடன் முகஞ்சுளிப்பது நம்மிடையே படித்தவர் வழக்கமாகிவிட்டது. ‘வீண்செலவு’ என்பர் சிலர்; ‘காலித்தனம்’ என்பர் வேறு சிலர்; ‘இந்தப் பணத்தில் நாலு நல்ல நூல்களை வாங்கியிருக்கலாமே’ என்று பெருமூச்செறிவர் நம் ஆசிரியப் பெருமக்கள். சொல்லிவிட்டுத் தத்தம் வழியே போய்விடுகின்றனர். அந்தக் கார் அடுத்த வளைவில் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பார் இல்லை.

அகன்ற சக்கரம் பூட்டுவது குற்றமாகாது. அளவறியாமல் பூட்டுவதே குற்றம். அந்த அளவைத் தமிழில் கற்பிக்கக்கூடியவர்கள் கற்பிக்காமல் ஏளனம் செய்து நிற்பது அதனினும் பெருங்குற்றம். இதுவே யாம் தொடுக்கும் வழக்கு. வழக்கு மன்றமாகக் கேமரன் மலையைக் கொள்வோம். ஏனெனில் சக்கரத்தின் குணமும் குற்றமும் சமவெளியில் மறைந்து கிடக்கலாம், மலைச்சாலையில் மறைய முடியாது.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலை அது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தித் தேயிலை நட்ட கைகளில் பெரும்பங்கு தமிழர் கைகள் என்பதை ஆசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று கொழுந்து பறிக்கும் வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர் நிறைந்துள்ளனர். லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றுவிட்டனர். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் அவர்கள் மலையேறி வருகிறார்கள். தாத்தா நடந்தேறிய வழியில் பேரன் காரில் வருகிறான். தான் உழைத்து வாங்கிய காரை ஊரார் பார்க்க வேண்டும் என்று அவன் விரும்புவதில் பிழையென்ன? விரும்பாதிருந்தால்தான் வியப்பு.

ஆனால் அவன் ஏறிவரும் வழி எத்தகையது? தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதற்குள் சாலை 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. வளைவு முடியுமுன்னே மறுவளைவு; எதிரே காய்கறி ஏற்றிய லாரி; மழை, பனிமூட்டம், மண்சரிந்து ஈரமான தார். பிரிஞ்சாங்கைக் கடந்து சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் பிரியும் வழியோ ஒரு வண்டிக்கு மட்டுமே போதுமான ஒடுக்கம். எதிர்வருவோர்க்கு வழிவிட வேண்டுமானால் தாரின் விளிம்பிலிருந்து சக்கரத்தை இறக்கியே ஆகவேண்டும். அந்த விளிம்புதான் தாழ்ந்த காரின் பரீட்சை மண்டபம்.

அதே வழியில் மலைத்தோட்டக்காரர்களின் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன. உயர்ந்த உடல், பட்டை வில்கள், உயரமான ஒடுங்கிய டயர்கள். அழகுக்காக அவை அவ்வாறு அமையவில்லை. ஒடுங்கிய டயர் சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பற்றும்; உயரமான பக்கச்சுவர் கல்லின் அடியைத் தாங்கும். தொழில் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தது. ஸ்போர்ட்ஸ் காரின் தொழில் வேறு; தார்ச்சாலையில் வளைவைத் தளராது கடப்பது. அதற்குத் தாழ்ந்த உடலும் ஓரளவு அகன்ற சக்கரமும் பொருத்தமே. ஆகவே ‘அகலமா, ஒடுக்கமா?’ என்பது அறிவுடையார் கேட்கும் வினாவாகாது. ‘எந்த வண்டிக்கு, எந்த வழிக்கு, எவ்வளவு?’ என்பதே வினா.

இந்த மூன்றாம் சொல்லாகிய ‘எவ்வளவு’ என்பதில்தான் நம் இளைஞன் வழுக்கி விழுகிறான். கடையில் அடுக்கி வைத்த ரிம்களில் கண்ணுக்கு இனியதை அவன் காட்டுகிறான், விற்பவர் ‘போடலாம்’ என்கிறார், போட்டாகிறது. ரிம்மின் உட்புறத்தில் வார்க்கப்பட்டுள்ள எண்களை வாங்கியவனும் படிப்பதில்லை, விற்றவரும் விளக்குவதில்லை. அவ்வெண்கள் என்ன சொல்கின்றன என்பதை ஒரு காரைக் கொண்டு பார்ப்போம்.

2012-இல் வெளிவந்த டொயோட்டா 86 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் 17 அங்குல ரிம் பூட்டிய வகை உண்டு. அந்த ரிம்மின் அகலம் 7 அங்குலம். அதன் ஆஃப்செட் 48 மில்லிமீட்டர். ஆஃப்செட் என்பது யாது? ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. ரிம் காரின் குடத்தோடு பொருந்தும் முகம் அந்நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ அதுவே ஆஃப்செட். தமிழில் ‘நடுவிலகல்’ என்று சொன்னால் பொருள் தானே விளங்கும். பொருந்தும் முகம் வெளிப்பக்கம் இருந்தால் எண் நேரெண். எண் கூடினால் சக்கரம் காருக்குள்ளே ஒதுங்கும். குறைந்தால் வெளியே நீளும்.

இப்போது ஒருவன் 9 அங்குல அகலமும் 35 மில்லிமீட்டர் நடுவிலகலும் உள்ள ரிம்மை விரும்புகிறான் என்க. அகலம் 2 அங்குலம் கூடிற்று, அதாவது 50.8 மில்லிமீட்டர். பாதி உள்ளே, பாதி வெளியே: பக்கத்துக்கு 25.4. நடுவிலகல் 13 மில்லிமீட்டர் குறைந்தது. ஆகவே முழுச்சக்கரமும் அவ்வளவு வெளியே நகர்ந்தது. வெளிப்புறத்தில் 25.4-உடன் 13 சேர்ந்து 38.4 மில்லிமீட்டர் நீட்டம், உட்புறத்தில் 25.4-இலிருந்து 13 போக 12.4 மில்லிமீட்டர் நெருக்கம். கூட்டலும் கழித்தலும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. இதையே 8 அங்குல அகலம், 45 மில்லிமீட்டர் நடுவிலகல் என்று கொண்டால், வெளியே 15.7, உள்ளே 9.7 மட்டுமே. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாடு, மட்கார்டின் விளிம்பில் டயர் அறுபடுவதற்கும் அறுபடாமைக்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும்.

தாழ்த்தப்படாத காரில் சற்றுப் பொறுக்கக்கூடிய பிழையைத் தாழ்த்திய கார் பொறுக்காது. காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலிருந்த வெளியில் அந்த 30 மில்லிமீட்டர் முன்னதாகவே செலவாகிவிட்டது. பின்னிருக்கையில் இருவர் அமர்ந்தால் ஸ்பிரிங் மேலும் அமுங்கும். வளைவில் எடை ஒருபக்கம் சாய்ந்தால் இன்னும் அமுங்கும். ஸ்டியரிங் முழுதும் திரும்பிய நிலையில் முன்சக்கரத்தின் ஓரம் உட்கூரையையும் உட்புறத் தூணையும் தேடிச்செல்லும். எனவே கடையின் சமதளத்தில் காரை நிறுத்தி, ‘உரசவில்லை, பார்’ என்று காட்டுவது சோதனையாகாது. ஆள் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில், ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்ப்பதே சோதனை. ஸ்பிரிங்கை வாளால் அறுத்துத் தாழ்த்துவோர் உளர். அவர்கள் ஸ்பிரிங்கின் கணக்கையே அறுத்துவிடுகிறார்கள். அதன்மேல் எந்தச் சக்கரக் கணக்கும் நில்லாது.

அடுத்தது டயர். அதன் பக்கத்தில் 215/45 ஆர் 17 என்று எழுதியிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, அதாவது 96.75, ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மில்லிமீட்டர். மேலும் கீழும் உள்ள இரு பக்கச்சுவர்களைக் கூட்டினால் முழுவிட்டம் 625.3. அகன்ற ரிம்முக்கு 245/40 ஆர் 17 பூட்டினால் முழுவிட்டம் 627.8. வேறுபாடு நூற்றுக்கு அரைகூட இல்லை. ஆனால் ‘45’ என்ற எண் பழகியது என்று 245/45 பூட்டினால் விட்டம் 652.3 ஆகிவிடும். நூற்றுக்கு நாலுக்கு மேல் வேறுபாடு. வேகமானி 100 காட்டும்போது கார் 104-இல் ஓடும்; டயரின் மேல்முனையும் மட்கார்டை நோக்கி 13 மில்லிமீட்டருக்கு மேல் ஏறிவிடும். ‘45’ என்பது உயரம் அன்று, விழுக்காடு என்பதை அறியாததன் விலை இது. விழுக்காடு நம் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கப்படும் பாடமல்லவா?

வேறொரு கொடிய வழக்கமும் உண்டு. ரிம்மை அகலமாக வாங்கி, பழைய ஒடுங்கிய டயரையே இழுத்துப் பூட்டுவது. 215/45 டயருக்கு 8 அங்குலத்துக்கு மேற்பட்ட ரிம் ஏற்புடையதன்று. 9 அங்குல ரிம்மில் அதை இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும். பார்ப்பதற்கு ஒருவகை அழகு. வளைவின் விசை தாக்கும்போது அந்த டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவலாம். தாப்பா சாலையில் வளைவுக்குக் குறைவில்லை. வளைவுக்கு அப்பால் பள்ளத்துக்கும் குறைவில்லை.

‘அகன்ற டயர் எப்போதும் நன்றாகப் பற்றும்’ என்ற நம்பிக்கையும் பாதி உண்மையே. உலர்ந்த சாலையில் அது உதவும். மழைநீர் தேங்கிய சாலையில் அகன்ற டயர் நீரைப் பிளந்து தள்ள அதிகம் பாடுபட வேண்டும். இயலாதபோது நீரின்மேல் மிதக்கும். மிதக்கும் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கும் பிரேக்கும் கட்டுப்படா. மேலும் 19 அங்குல ரிம்மில் 225/35 டயர் பூட்டினால் பக்கச்சுவரின் உயரம் 79 மில்லிமீட்டர்கூட இல்லை. சுங்கை பாலாஸ் வழியின் தார் விளிம்பு அந்த மெல்லிய சுவரைத் தாண்டி ரிம்மையே அடிக்கும்; ரிம் வளையும், அல்லது விரியும்.

துளைகளின் கணக்கும் உண்டு. டொயோட்டா 86-இல் ஐந்து போல்ட்டுகள் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. 98 மில்லிமீட்டர் வட்டமுள்ள ரிம்மும் கடையில் கிடைக்கும். கண் வேறுபாடு காணாது. நட்டை வலிந்து முடுக்கினால் ஏறியும் விடலாம். அப்படி ஏறிய நட்டு நேராக அமராது. ஒவ்வொரு சுழற்சியிலும் போல்ட்டை வளைத்துக்கொண்டே இருக்கும். ரிம்மின் நடுத்துளை காரின் குடத்தைவிடப் பெரிதானால், இடைவெளியை நிரப்பும் வளையம் வேண்டும். இந்தக் காரின் குடம் 56.1 மில்லிமீட்டர், சந்தையில் வரும் ரிம்கள் பலவற்றின் நடுத்துளை 73.1. வளையத்தின் விலை அற்பம்; அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற அறிவுதான் அரிது. சுமை தாங்கும் ரிம் என்பதற்கு ஜப்பானியத் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல். ரிம்மில் உண்டா, அது போலியன்றி மெய்யா என்று பார்ப்பதும் வாங்குவோன் கடமை.

சட்டமும் வாளா இருக்கவில்லை. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் அமைப்பையும் பயன்பாட்டையும் பற்றிய 1959-ஆம் ஆண்டின் விதிகளும் நம் நாட்டில் உள்ளன. மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் சக்கரத்தோடு அதிகாரிகளின் முன் செல்பவன் விருதை எதிர்பார்க்க முடியாது. அபராதம் ஒருபுறம், தெரிவிக்கப்படாத மாற்றத்தால் காப்புறுதி இழப்பீடு சிக்கலாவது மறுபுறம். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. நான்கு நல்ல ரிம்களும் நான்கு நல்ல டயர்களும் அந்த ஒருமாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். பொருந்தாததை வாங்கியவன் இருமுறை வாங்குகிறான். தோட்டத்துப் பிள்ளையின் வியர்வை அது.

இனி, நம் அறிஞர்கள் எழுப்பும் தடைகளைக் காண்போம்.

‘இது பட்டறைக்காரன் வேலை, தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்பது முதல் தடை. இவ்வாறு கேட்பவர்கள் சிறுபாணாற்றுப்படையை மறந்தவர்கள். நல்லியக்கோடன் பரிசிலாகத் தரும் தேரைப் பாடும் அப்புலவர், ஆரங்கள் சூழ்ந்த சக்கரத்தையும் தச்சரின் கைத்திறனையும் பாடாமல் விடவில்லை. அவருக்குப் பட்டறை தீட்டாகத் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது! இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எடுத்த சான்று, வலிய சக்கரம் கொண்ட தேருக்கும் கடல் வழியாகாது என்பது. வலியறிதல் அதிகாரத்தில் எடுத்த சான்று, மயிலிறகேயானாலும் அளவு கடந்தால் வண்டியின் அச்சு முறியும் என்பது. சக்கரத்தையும் அச்சையும் கொண்டு இடமும் அளவும் கற்பித்த நூலை மனப்பாடம் செய்விக்கிறோம். சக்கரத்தையும் அச்சையும் பற்றி மாணவன் கேட்டால் ‘பாடத்தில் இல்லை’ என்கிறோம். இதனை முரண் என்னாமல் வேறென்னென்பது?

‘இவற்றுக்குத் தமிழில் சொல் இல்லையே’ என்பது இரண்டாம் தடை. சக்கரத்துக்கு ஆழி, திகிரி, நேமி, உருளை, கால் என்று ஐந்து பெயர் வைத்த மொழிக்குச் சொற்பஞ்சம் என்பது நகைப்புக்கிடம். அச்சும் ஆரமும் குடமும் நம்மிடம் முன்பே உள. ரிம்மில் நடுவிலகலைக் குறிக்க உலகெங்கும் ‘ஈ.டி.’ என்று பொறிக்கிறார்களே, அது எம்மொழி? ஐன்பிரெஸ்டீஃப என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஜெர்மானியர் தம் பட்டறையில் தம் மொழியில் பேசினர். ஜப்பானியனும் மலேசியனும் அதையே ஏற்றுக்கொண்டனர். பட்டறையில் வழங்கும் மொழிக்கே பட்டறைச் சொல் பிறக்கும். மேடையில் மட்டும் வழங்கும் மொழிக்கு வாழ்த்துரைதான் பிறக்கும். ரிம், டயர், ஸ்பிரிங் என்பன இருக்கட்டும். அவை மக்கள் நாவில் பழகியவை. அவற்றின் அளவையும் காரணத்தையும் தமிழில் விளக்கினால் போதும். மொழி தானே வளரும்.

‘இது ஆடம்பரம், ஆடம்பரத்தைக் கற்பிக்கலாமா?’ என்பது மூன்றாம் தடை. நாம் கற்பிக்காததால் ஆடம்பரம் நின்றுவிட்டதா? ரிம் விற்பனை குறைந்ததா? கார் தாழ்வது நின்றதா? நம் மௌனத்தால் நின்றது ஒன்றே ஒன்று: அளவறிவு. நீந்தாதே என்று சொல்வதால் ஆற்றங்கரைப் பிள்ளை ஆற்றில் இறங்காமல் இருப்பதில்லை. நீந்தக் கற்றுக்கொடுப்பதே பெரியோர் செயல். கணக்கறிந்தவன் பல வேளைகளில் தானாகவே அடங்குகிறான் என்பதையும் எண்ணுக. 38.4 என்ற எண்ணைத் தன் கையால் கண்டவன் 15.7-ஐத் தேர்வான். அறிவுரை அவனுக்குத் தர முடியாத அடக்கத்தை அந்த எண் தரும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது நாம் குரல் எழுப்பினோம். 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கித் தமிழ்ப்பள்ளிகளுள்ளும் நுழைந்தபோது மீண்டும் எழுப்பினோம். கணிதமும் அறிவியலும் தமிழில் இருக்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை முற்றிலும் நேரியது. ஆனால் காத்துவைத்த அந்தத் தமிழ்க் கணிதத்தைக் கொண்டு என்ன செய்தோம்? கடைக்காரர் மாம்பழம் விற்ற கணக்கையும், தொட்டியில் நீர் நிரம்பிய கணக்கையும் தாண்டினோமா? போ தோட்டத்துப் பள்ளியிலும் சுங்கை பாலாஸ் பள்ளியிலும் படித்த பிள்ளை, பதினைந்து ஆண்டு கழித்துத் தன் உயிரையும் தன் தாயின் உயிரையும் ஏற்றிக்கொண்டு மலையேறப்போகும் சக்கரத்தின் கணக்கை அந்தத் தமிழில் கேட்டதுண்டா? கேளாதபோது அவனுக்குத் தமிழ் திருவிழா மொழியாகவும் கடைக்காரரின் மொழி வாழ்க்கை மொழியாகவும் தோன்றினால், பழி அவன்மேலா, நம்மேலா?

இதற்குப் புதிய பாடநூல் வேண்டா, அரசாணையும் வேண்டா. கணித வகுப்பில் அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றும் நாளில் ஒரு ரிம்மின் அகலத்தைக் கொடுங்கள். விழுக்காடு நடத்தும் நாளில் ஒரு டயரின் பக்கத்திலுள்ள எண்ணை எழுதிப்போடுங்கள். ஆசிரியர் அறையின் முன் நிற்கும் உங்கள் காரின் டயரிலேயே அது இருக்கிறது. குறளில் இடனறிதல் நடத்தும் நாளில், லேண்ட் ரோவர் சக்கரம் ஏன் ஒடுங்கியது, ஸ்போர்ட்ஸ் கார் சக்கரம் ஏன் அகன்றது என்று மாணவரைக் கேளுங்கள். கட்டுரை வகுப்பில் ‘என் கனவு’ என்று எழுதச் சொல்வதற்கு ஒருமுறை விடுமுறை கொடுத்து, ‘தாழ்த்திய காருக்குச் சக்கரம் தேர்வது எப்படி?’ என்று எழுதச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கும் மாணவன் அன்று முதன்முறையாக நிமிர்ந்து உட்காருவான். முதல் வரிசையில் இருப்பவன் அவனிடம் ஐயம் கேட்பான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். அகன்ற சக்கரம் ஆசைப்படத் தக்கதே, ஆசைப்படுங்கள். காசைக் கொடுக்குமுன் ஆறு எண்களைக் கேளுங்கள்: அகலம், விட்டம், நடுவிலகல், துளைவட்டம், நடுத்துளை, டயரின் அளவு. பழைய சக்கரத்தின் எண்களுக்கு அருகே புதியதன் எண்களை ஒரு தாளில் எழுதி, உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். விற்பவர் எண் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள். அந்தத் தாளைத் தமிழில் எழுதுங்கள்.